மீனுக்கு வைத்த பொட்டு

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஆவணி, சனிக்கிழமை

அன்பு மகள் தாராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க தினமும் விளக்கேற்றும்போது நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஊரில் இருப்பதால் காளியம்மாளிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். முதலில் பிள்ளைகள் சமாசாரம். உன் மகன் சைதன்யா நீச்சலில் மூன்றாவதாக வந்ததை ஏரிப்பக்கம் நடக்க வருகிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், என்னைச் சித்தி முறை வைத்துக் கூப்பிடுகிற ஒருத்தி, மாஷிமா, நேற்றே சொன்னீங்களே என்று சிரித்தாள், இருக்கட்டும், நாளைக்கும் சொல்வேன். சின்னவள் ஸ்னேகா பத்து மாதத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய், நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் சீக்கிரம் நின்றவர்கள்தான். உன் அண்ணன் மகன் ரோஹித்துக்கு நியூ டவுனில் வேலையாகிவிட்டது, முதல் நாள் கழுத்தில் ஆபீஸ் அட்டையை மாட்டிக்கொண்டு வந்து ஆச்சி ஆசீர்வாதம் பண்ணுங்க என்று குனிந்தான், அவனுக்கு முன்னால் அட்டைதான் என் காலில் விழுந்தது. அவன் அக்கா தேவிப்ரியாவைக் கடைசியாகச் சொல்கிறேன் என்று குறைவாக நினைக்காதே, இந்தக் கடிதமே அவளுக்காகத்தான். அவள் செய்கிற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டுக்கொள்ள அனுமதி வந்துவிட்டது. போன வாரம் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்தது, அப்போது நான் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், பாதி புடலங்காய் மறுநாள்தான் நறுக்கினேன்.

போனில் பாஸாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். முழுக்கதையும் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாய், அதுவும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல முடியாத சங்கதி இதில் ஒன்று இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி.

அண்ணன் தொழில் உனக்குத் தெரியும். பதினேழு வருஷம் வெளிநாட்டுப் பொம்மைகளைப் பெட்டி பெட்டியாகக் கிடர்பூர் துறைமுகத்தில் இறக்கி மொத்தமாக விற்றவன். யார் செய்தது, எதில் செய்தது என்று அவனும் கேட்டதில்லை, வாங்குகிறவனும் கேட்டதில்லை. அந்த நாடுகளிலும் நல்ல சாமான் செய்கிறார்கள் என்று அப்பா சொல்வார், இவன் வாங்கியது பேர் இல்லாத குவியல். அந்தக் குவியலில் இருந்துதான் அந்தக் கரடிப் பொம்மையும் வந்தது. அதை எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன், எழுதாமல் முடியாது தாரா. துர்கா பூஜைக்கு நீ வந்திருந்தபோது ஒன்றரை வயசு சைதன்யா அந்தக் கரடியின் கண்ணைக் கடித்துப் பிய்த்து விழுங்கப் பார்த்ததும், தொண்டையில் சிக்கி முகம் நீலமானதும், அப்பா தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி அது வெளியே விழுந்ததும் எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. மறுநாள் காலையில் அண்ணன் கொடுத்த பொம்மை எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு அவன் அறை வாசலில் வைத்துவிட்டு நீ பேசாமல் போய்விட்டாய். நீ சண்டை போட்டிருந்தால்கூட அவன் தேறியிருப்பான். அன்றிலிருந்து ஆறு வருஷம், அவன் எது அனுப்பட்டுமா என்று கேட்டாலும் வேண்டாம்ணே, இங்கேயே எல்லாம் கிடைக்குது என்கிறாய். கூடத்தில் சைதன்யா அந்தக் கரடியைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம் இருந்ததே, அதை அண்ணன்தான் கழற்றினான். எங்கே வைத்தான் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அரசாங்க உத்தரவு வந்தது, முத்திரை இல்லாத பொம்மையை இறக்கவும் கூடாது விற்கவும் கூடாது என்று. அண்ணனுடைய ஒரு முழுக் கன்டெய்னர் பெட்டி துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்து, கடைசியில் வந்த வழியே திரும்பிப் போயிற்று. அவன் வீட்டுக்குள் நடந்து நடந்து திட்டினான், பொம்மைக்கு என்ன பரீட்சை, அது என்ன காலேஜுக்கா போகப்போகுது என்றான். நாற்பது வருஷம் கிடர்பூரில் இறக்குமதிக் காகிதம் எழுதிய உங்கள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எல்லாக் காகிதத்தையும் நான் பார்த்திருக்கேண்டா, பிள்ளை வாயில போடுற சாமானுக்குத்தான் இத்தனை நாளா ஒரு காகிதமும் இல்லே என்றார்.

இந்த நேரத்தில்தான் நம் தேவிப்ரியா இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, அப்பா, வெளியே இருந்து வராதுன்னா நாமளே செய்வோம், உங்க கோடவுன் சும்மாத்தானே கிடக்கு என்றாள். என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தால், மரத்தில் இலிஷ் மீன், இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடுகிற அதே மீன். கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் உருண்டு வால் ஆடும். மூன்று தலைமுறையாக மீன் வாசனை படாத சைவ வீட்டில் மீன் தொழில் ஆரம்பித்தது இப்படித்தான். பெங்காலிப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கும் ஆச்சி, புடலங்காயைப் பார்த்தா என்று கேட்டாள்.

உத்தரவு வந்ததால் வழி திறந்தது, அதே உத்தரவு நம் கழுத்தையும் பிடித்தது, இரண்டையும் சொல்ல வேண்டும். வெளியூர்ச் சாமான் நின்றதும் கடைக்காரர்கள் உள்ளூரில் யார் செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார்கள், அது நல்லது. ஆனால் செய்கிறவனுக்கும் அதே பரீட்சைதான். கோடவுனிலேயே சோதிக்க ஒரு அறை வேண்டும், அதற்கு எடைக்கல்லும் கருவியும் வேண்டும், பெரிய பரிசோதனைக் கூடத்துக்குக் கட்டணம் வேண்டும். பக்கத்துச் சந்தில் துணிப்பொம்மை செய்துகொண்டிருந்த குடும்பம் ஈடுகொடுக்க முடியாமல் நிறுத்திவிட்டது, அவர்கள் செய்தது ஒன்றும் கெட்ட பொம்மை இல்லை, எனக்கு அது இன்னும் மனசுக்குக் கஷ்டம்தான். அங்கே வேலை செய்த நாகம்மாதான் இப்போது நம்மிடம் வர்ணம் பூசுகிறவர்களுக்குத் தலைவி, தெலுங்குக்காரி, கிடர்பூரிலேயே பிறந்தவள், மூன்று பாஷையிலும் அதட்டுவாள். மீனுக்குள்ளே வைக்கிற குட்டி மணி வெளிநாட்டிலிருந்து வருவது, அதில் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் ப்ரியா மணியே வேண்டாம் என்று வாலுக்கு இரண்டு பக்கமும் மரக்குமிழ் வைத்துவிட்டாள், இழுத்தால் டக் டக் என்று அடிக்கும். மணியைவிட அதுதான் நன்றாயிருக்கிறது. திருகாணியும் முன்னே பெட்டியில் வந்ததுதான், இப்போது ஹௌராவில் ஒரு சந்துப் பட்டறையில் செய்து தருகிறார்கள். முதலில் செய்தது எல்லாம் கோணல், நான்காவது தடவைதான் நேராக வந்தது. வெளியூர்ப் பொம்மை நின்னுட்டா நம்ம பொம்மை நல்லதாயிடாது ஆச்சி, நல்லதா செஞ்சாத்தான் நல்லது என்று அந்தப் பெண் சொல்வாள், இருபத்தாறு வயசில்.

இப்போது அண்ணனைப் பற்றி, நீ தனியாக இருக்கும்போது படி. சோதிக்கிற அறைக்கு ஒரு சின்ன உருளைக் குழாய் வந்தது, குழந்தையின் தொண்டை எவ்வளவோ அவ்வளவு அளவு அது. பொம்மையிலிருந்து பிய்ந்து வருகிற எதுவும் அதற்குள் முழுசாக இறங்கக்கூடாது, அதுதான் விதி. ப்ரியா அதை எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தவன் எழுந்து போய், தன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தான். உள்ளே அந்தக் கரடியின் கண். ஆறு வருஷமாக வைத்திருக்கிறான் தாரா. அதைக் குழாய்க்குள் போட்டான், சத்தமில்லாமல் அடி வரைக்கும் இறங்கிவிட்டது. அதை எடுத்துப் பொட்டலத்திலேயே மடித்துக்கொண்டு ப்ரியாவிடம், உன் மீனுக்குக் கண்ணு ஒட்டாதே, மரத்துலேயே சுட்டுப் போட்டுடு என்றான். அன்றிலிருந்து உத்தரவைத் திட்டுவதை விட்டுவிட்டான். மறுநாள் முதல் கோடவுனில் முதலில் போய்க் கதவு திறக்கிறவன் அவன்தான்.

ஆனி மாதத்தில் முத்திரை கொடுக்கிற ஆபீஸ் அதிகாரி வந்து சோதனைக்கு மாதிரி எடுத்துப்போக நாள் குறித்தார்கள். எடுத்துப்போகிற மீன்கள் தேறினால்தான் முத்திரை, முத்திரை வந்தால்தான் துர்கா பூஜைக் கடைகளுக்குச் சரக்கு, இல்லையென்றால் நாகம்மா உட்பட பதினோரு பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அண்ணன் கோடவுனையே கொடுத்துவிடுவதாக இருந்தான். நான் என்ன செய்வேன், உனக்கும் அண்ணனுக்கும் ஒவ்வொரு பரீட்சைக்கும் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்பினவள். அன்றைக்கு மட்டும் அண்ணனிடம் சாவியை வாங்கிக்கொண்டு காலையில் எல்லாருக்கும் முந்திக் கோடவுனுக்குப் போனேன், குங்குமச் சிமிழைத் திறந்தால் காலி. வரும் வழியில், எல்லாரும் பௌதி, அதாவது அண்ணி, என்கிற மாடிவீட்டுக்காரி திருவிழாக் கடையில் வாங்கினேன் என்று கொடுத்த சிந்தூரப் பொட்டலம் பையில் இருந்தது. அலமாரியில் வரிசையாக நின்ற நாற்பது மீனுக்கும் நெற்றியில் ஒவ்வொரு பொட்டு வைத்து, பாஸாகி வாங்க என்று சொன்னேன். பின்னாலேயே வந்த நாகம்மா, ஐயோ அம்மா, அதிகாரி வர்ற நேரம் என்று ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்தாள். மேலுக்குப் போய்விட்டது. செதில் செதிலாகக் கீறியிருக்கிற கோட்டுக்குள்ளே போனதை யார் பார்த்தார்கள்? அதிகாரி வந்தார், கைக்கு வந்த மீன்களை எடுத்து அரக்கு வைத்துக் கட்டிக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று கும்பிட்டேன், இனி சாமி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக மத்தியானம் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து தேறவில்லை என்று வந்தது. கீழே போட்டதில் உடையவில்லை, இழுத்ததில் பிய்யவில்லை, சிவப்பு வர்ணத்தில் காரீயம். காரீயம் குழந்தை மூளையைக் கெடுக்கும் என்று ப்ரியா சொல்லும்போது அவள் உதடு வெளுத்துவிட்டது. வர்ணம் கொடுத்த ஹௌராக்காரரைக் கூப்பிட்டாள், அவர் ஐம்பது வயசு மனுஷன், இவளை அக்கா முறை வைத்து, தீதி, என் பிள்ளை மேல ஆணை, நான் கலக்கலே என்று கண்ணீர் விட்டார். நான்தான் சொன்னேனே, வர்ணத்தையாவது வெளியே இருந்து வரவழைன்னு என்று அண்ணன் கத்தினான். அவள் பதிலுக்கு, எது கெட்டதுன்னு தெரியாம எதை வரவழைக்கிறது என்று கத்தினாள். பெண்கள் எல்லாரும் வேலையில்லாமல் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ப்ரியா விடாமல் அந்த வர்ணத்தை மட்டும் ஒரு பலகையில் பூசித் தனியாகச் சோதனைக்கு அனுப்பினாள். அது சுத்தம் என்று வந்தது. வர்ணம் சுத்தம், மரம் சுத்தம், மீனில் மட்டும் காரீயம். நடுவுல என்ன ஆச்சு, நடுவுல யார் தொட்டா என்று இரவு சாப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் என் விரல் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் சொல்லவில்லை தாரா. பயம்தான். பதினோரு பெண்கள் வேலையை என் விரல் கெடுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? மூன்றாம் நாள் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய் ப்ரியா கையில் வைத்து, இதையும் ஒரு தடவை அனுப்பிப் பாரு என்றேன். அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆச்சி, மீனுக்கு வச்சீங்களா, எத்தனைக்கு என்றாள். எல்லாத்துக்கும்தான், ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா அது என்ன நியாயம் என்றேன். அவ்வளவுதான், அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், நாகம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, நான் துடைச்சேனே, நான் துடைச்சேனே என்று மூன்று பாஷையிலும் சொன்னாள். சிந்தூரத்தைச் சோதித்தால் அதில் அத்தனையும் காரீயம். பௌதி கேட்டவுடனே முகம் கழுவப் போய்விட்டாள், இப்போது நான் அரைத்துக் கொடுக்கிற மஞ்சள் குங்குமம்தான் வைக்கிறாள். அண்ணன் என்னைத் திட்டுவான் என்று இருந்தேன். அவன் ஹௌராக்காரர் வீட்டுக்கு நேரே போய், தப்பு எங்க வீட்டுது தாதா என்று மூத்தவர் முறை வைத்துச் சொல்லிவிட்டு வந்தான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

ப்ரியா கோடவுன் கதவுக்கு வெளியே மஞ்சள் கோடு ஒன்று போட்டு, பூஜை கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் என்று தமிழிலும் பெங்காலியிலும் ஹிந்தியிலும் எழுதி மாட்டினாள். அந்த நாற்பதில் மிச்சமிருந்த மீன்களையும் விற்கக்கூடாது என்று தனியாகப் பூட்டி வைத்துவிட்டாள். புதிதாகச் செய்து மறுபடியும் மாதிரி எடுக்கிற நாளில் நானும் போனேன், கோட்டுக்கு வெளியே நின்றேன், அப்படியும் நாகம்மா, அம்மா, ரெண்டு கையும் காட்டுங்க என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள், துறைமுகத்துச் சுங்கக்காரர்கூட இப்படிச் சோதித்ததில்லை என்று உங்கள் அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. வெறும் கையால் கும்பிட்டேன். அதுவே போதுமாயிருந்தது. அந்த வியாழக்கிழமை காகிதம் வந்துவிட்டது.

இப்போது கோடவுனில் நிற்க இடமில்லை. பூஜைக்கு இந்த ஊர்க் கடைகள் கேட்டது போக சிலிகுரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேட்கிறார்கள், முன்னே அண்ணனிடம் பெட்டிச் சரக்கு வாங்கினவர்களேதான் கேட்கிறார்கள், அவர்களிடம் அவன் இப்போது எந்த மரம், எந்த வர்ணம், எந்தச் சோதனை என்று பாடம் நடத்துகிறான். நாகம்மா இன்னும் ஆறு பேரைச் சேர்த்திருக்கிறாள், அதில் இரண்டு பேர் அந்தத் துணிப்பொம்மை வீட்டார். விஸ்வகர்மா பூஜைக்கு மிஷினுக்கு மட்டும் பொட்டு வைக்க எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள் ப்ரியா, அதுவும் என் சொந்தக் குங்குமம். நம் வீட்டுப் பெண் ஜெயித்துவிட்டாள் தாரா, நான் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வேன்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. முத்திரை போட்ட முதல் மீன் ஸ்னேகாவுக்கு. விற்பனைக்குக்கூட அண்ணன் அதை விடவில்லை. அரை மணி நேரம் குறடு வைத்து வாலை இழுத்துப் பார்த்தான், அப்புறம் அதே மீனை மறுபக்கம் திருப்பி மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, இதுதான் என்றான். கண்ணைத் தடவிப் பார், மரத்தோடு மரமாக இருக்கும், எதுவும் பிய்ந்து வராது. வாழ்நாளெல்லாம் உள்ளே வருகிற சாமானுக்கே எழுதிய உங்கள் அப்பா, வெளியே போகிற சாமானுக்கு முதல் தடவையாகக் காகிதம் எழுதினார், மூன்று தடவை சரிபார்த்தார். நான் அதைத் தொடவே இல்லை, தள்ளி நின்றுதான் பார்த்தேன், நீ பயப்படாதே. ஸ்னேகா வாயில்தான் வைப்பாள், வைக்கட்டும், அதற்குத்தான் இத்தனை பாடும். அண்ணன் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டான், பார்சல் எத்தனை நாளில் போகும் என்று மட்டும் தினமும் அப்பாவிடம் கேட்கிறான்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். சைதன்யா தண்ணீரிலிருந்து வந்தவுடன் தலையை நன்றாகத் துவட்டு, அந்த ஊர் ஈரம் பொல்லாதது. நீ வேளைக்குச் சாப்பிடு. எல்லாரும் தீர்க்காயுசாக, குறையொன்றும் இல்லாமல் இருங்கள். ஒரே ஒரு வேலை பாக்கி. ஸ்னேகா அந்த மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு புதுப் படம் எடு, போனில் அனுப்பாதே, காகிதத்தில் போட்டுத் தபாலில் அனுப்பு, கூடத்தில் அண்ணன் படத்தைக் கழற்றின இடத்தில் ஆணி அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
சுலோசனா சௌந்தரராஜன்